இடுப்புக்குழி வலியும் இயன்முறை மருத்துவர் பயிற்சியும்

கையிலோ காலிலோ வலி கண்டவர் அதனை வீட்டாரிடமும் அயலாரிடமும் தயக்கமின்றிச் சொல்கின்றனர். பல் வலியைச் சொல்ல எவரும் நாணுவதில்லை. ஆனால் அடிவயிற்றுக்கும் தொடைகளுக்கும் இடையே, எலும்புகளால் சூழப்பட்ட இடுப்புக்குழியில் எழும் வலியைப் பற்றி வாய்விட்டுப் பேசுவோர் மிகச் சிலரே. அவ்வலி மாதக்கணக்கிலும், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கிறது. அதனைத் தாங்கிக்கொண்டே வயலுக்குச் செல்வோரும், வகுப்பில் நின்று பாடம் நடத்துவோரும், நாள் முழுதும் பேருந்து ஓட்டுவோரும் நம்மிடையே உள்ளனர்.

இவ்வலியில் கணிசமான ஒரு பகுதி தசைகளின் இறுக்கத்தால் விளைகிறது என்பதும், தக்க பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் தம் கையால் அதனைத் தணிக்கக்கூடும் என்பதும் இன்று மருத்துவ விஞ்ஞானம் ஒப்புக்கொண்ட செய்திகள். அங்ஙனமிருந்தும், இத்துறையில் பயின்றவரை நமது நாட்டின் பெருநகரங்களுக்கு வெளியே காண்பது அரிதாகவே இருக்கிறது. இக்குறையை நீக்கப் பயிற்சியை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பது பற்றி, சுகாதார நூல்களை மொழிபெயர்க்கும் பணியில் பல்லாண்டுகளாக ஈடுபட்டிருக்கும் எனக்குத் தோன்றும் சில கருத்துகளை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

வலியின் பரப்பும் மறைவும்

பொதுவாக 6 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் இடுப்புக்குழி வலியை மருத்துவர்கள் நாட்பட்ட வலி எனக் கொள்கின்றனர். இவ்வலி பெண்களிடையே எவ்வளவு பரவியுள்ளது என்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஓர் அறிக்கை 2006 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாதவிடாயோடு தொடர்பின்றி எழும் வலி மட்டுமே சில இடங்களில் 2.1 சதவீதம், சில இடங்களில் 24 சதவீதம் என அதில் காணப்பட்டது. இவ்வளவு அகன்ற இடைவெளிக்கு ஆய்வுகளின் தரம் ஒரு சீராக இல்லாமையும் ஒரு காரணம். நன்கு எண்ணப்படாத நோய் நன்கு கவனிக்கப்படுவதில்லை என்பதைக் களப் பணியாளர்கள் தம் அனுபவத்தால் அறிவர்.

நமது நாட்டில் இம்மறைவைத் திறந்து காட்டிய முன்னோடி ஆய்வு மகாராஷ்டிர மாநிலத்துக் கட்சிரோலி மாவட்டத்தில் நடைபெற்றதாகும். டாக்டர் ராணி பங்கும் அவருடைய குழுவினரும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989 ஆம் ஆண்டில் லான்செட் இதழில் முடிவுகளை வெளியிட்டனர். 92 சதவீதத்தினரிடம் ஏதேனும் ஒரு மகளிர் நோய் காணப்பட்டது. ஆனால் அதற்குமுன் அந்நோய்களுக்காகப் பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றிருந்தோர் 8 சதவீதத்தினரே. அவ்வாய்வு இடுப்புக்குழி வலியை மட்டும் ஆராய்ந்ததன்று. தொற்று நோய்கள் முதலிய பலவும் அதில் அடங்கும். எனினும், துன்பம் உண்டு, அதைக் கேட்பவர் இல்லை என்னும் நிலையை அது ஐயத்திற்கிடமின்றிக் காட்டியது.

கேட்பவர் இல்லாத வலி எங்கே சென்று முடிகிறது? பெண்களில் பலருக்கு அது கருப்பையை அகற்றும் அறுவையில் சென்று முடிகிறது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் சுமார் 3 சதவீதத்தினர் கருப்பையை இழந்துள்ளனர். ஆந்திரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களில் இவ்விகிதம் இதனினும் பன்மடங்கு. பீகார், சத்தீஸ்கர், இராஜஸ்தான் மாநிலங்களில் தேவையின்றிச் செய்யப்பட்ட இத்தகைய அறுவைகள் பற்றிய வழக்கில், 2023 ஏப்ரல் மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் 3 மாதங்களுக்குள் மேற்கொள்ள வேண்டும் என அது பணித்தது. கருப்பையை அகற்றுவது சில நோய்களுக்கு முறையான சிகிச்சையே. ஆயினும் வலிக்குக் காரணம் இறுகிய தசையாக இருப்பின், கருப்பையை எடுத்தபின்னும் அத்தசை இறுகியே இருக்கும், வலியும் உடனிருக்கும்.

இது பெண்களுக்கு மட்டும் உரிய துன்பமும் அன்று. ஆண்களில் பலர் அடிவயிற்று வலியும் சிறுநீர் எரிச்சலும் கொண்டு வருகின்றனர். புராஸ்டேட் சுரப்பியின் அழற்சி என்று கருதி அவர்களுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் திரும்பத் திரும்ப அளிக்கப்படுகின்றன. ஆனால் இவ்வகை நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் நோய்க்கிருமி எதுவும் நிறுவப்படுவதில்லை. மருத்துவமனைக்கு வர நாணுவோர், வடநாட்டு இருப்புப்பாதையோரச் சுவர்களில் ‘குப்த் ரோக்’ என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் எழுதி வைக்கும் போலி வைத்தியர்களை நாடிப் பொருளிழக்கின்றனர். ‘மறைந்த நோய்’ என்பது அச்சொல்லின் பொருள். நோயை மறைக்க உதவுவோர் அதனாலேயே பிழைப்பு நடத்துகின்றனர்.

தசைகளின் பங்கு

இடுப்பெலும்புகள் ஒரு கிண்ணத்தை ஒத்தவை; ஆனால் அக்கிண்ணத்துக்கு அடிப்பாகம் எலும்பால் ஆனதன்று. முன்னே மறைவிட எலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை, குழந்தைக்குக் கட்டும் ஏணைபோல், தசைகள் விரிந்து நிற்கின்றன. சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும், பெண்களிடத்துக் கருப்பையையும், இவை கீழிருந்து தாங்குகின்றன. சிறுநீரையும் மலத்தையும் அடக்குவதும் உரிய காலத்தில் விடுவதும் இவற்றின் தொழிலே. நாம் மூச்சை உள்ளிழுக்கையில் உதரவிதானம் கீழிறங்க, இத்தளமும் மெல்லக் கீழிறங்குகிறது; மூச்சு வெளியேறுகையில் மேலெழுகிறது.

தோளும் கழுத்தும் இறுகிப்போவதை நாம் அனைவரும் அறிவோம். அவ்வாறே இத்தசைகளும் இறுகக்கூடும். கடினமான பிரசவம், விழுந்து வால் எலும்பில் அடிபடுதல், நாட்பட்ட மலச்சிக்கல், அறுவைத் தழும்பு, சிறுநீர்த் தொற்று, உடலுறவில் நேர்ந்த வன்முறை, இடைவிடாத அச்சம் ஆகியவற்றுள் எதுவும் அதற்குத் தொடக்கமாகலாம். இறுகிய தசையில் தொட்டாலே வலிக்கும் முடிச்சுகள் தோன்றுகின்றன. அம்முடிச்சை அழுத்தினால் வலி அவ்விடத்தோடு நில்லாது அடிவயிற்றுக்கும் தொடைக்கும் சிறுநீர்த் தாரைக்கும் பரவுகிறது. ஆகவேதான் நோயாளி காட்டும் இடம் ஒன்றாகவும், நோயின் இடம் வேறாகவும் இருக்கின்றன. வலி நீடிக்க நீடிக்க நரம்பு மண்டலமும் கூருணர்வு பெறுகிறது. முன்பு வலியாகத் தோன்றாத சிறு தொடுகையும் வலியாகத் தோன்றுகிறது. தொடக்கக் காரணம் மறைந்த பின்னும் வலி மறையாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வறிவு நேற்றுத் தோன்றியதன்று. 1937 ஆம் ஆண்டிலேயே தீல் என்னும் அமெரிக்க மருத்துவர், வால் எலும்பு வலி எனப்படுவதில் பெரும்பகுதி அவ்வெலும்பைச் சார்ந்த தசைகளின் இறுக்கமே எனக் கண்டு, அவற்றை விரலால் நீவித் தளர்த்தும் முறையை விவரித்தார். 1948 இல் கேகல் என்பவர், பிரசவத்துக்குப்பின் சிறுநீரை அடக்க இயலாத பெண்களுக்கு இத்தசைகளைச் சுருக்கி வலுப்படுத்தும் பயிற்சியை வகுத்தார். ஜான் கென்னடிக்கு மருத்துவராக இருந்த ஜேனட் டிராவெல் அம்மையாரும் டேவிட் சைமன்சும் உடலெங்குமுள்ள தசைகளின் வலி முடிச்சுகளை ஆராய்ந்து, 1983, 1992 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக நூல் வெளியிட்டனர்.

இவர்களுள் கேகலின் பெயரே உலகெங்கும் பரவிற்று. அதனால் ஒரு தீங்கும் விளைந்தது. இடுப்புத்தளத்தில் எக்குறை தோன்றினும் ‘சுருக்கிப் பிடியுங்கள்’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. தளர்ந்த தசைக்கு அது மருந்து. ஏற்கெனவே இறுகி வலிக்கும் தசைக்கு அது வலியை மிகுவிக்கக்கூடும். யோகப் பயிற்சியில் மூலபந்தம் கற்பிக்கும் ஆசிரியர்களும் இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்ளல் நலம். வலி உள்ளவருக்கு முதலில் கற்பிக்க வேண்டியது தசையைத் தளரவிடுவது. தளர்ந்த தசை எது, இறுகிய தசை எது என்று அறிவதற்குத் தேர்ச்சி பெற்ற கை வேண்டும். பயிற்சியின் தேவை இங்கிருந்தே தொடங்குகிறது.

கையும் அறிவும்

இச்சிகிச்சை பயன் தருமா என்று வினவுவோருக்கு விடையளிக்கும் இரண்டு ஆய்வுகளைக் குறிப்பிடுவேன். இரண்டும் அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார நிறுவனங்களின் ஆதரவில் வட அமெரிக்காவில் நடைபெற்றவை. 2009 இல் வெளியான முதல் ஆய்வில் 47 ஆண்களும் பெண்களும் பங்கு பெற்றனர். திருவுளச்சீட்டு முறையில் அவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடல் முழுதும் பொதுவான தேய்ப்புச் சிகிச்சையும், மறுபிரிவினருக்கு இடுப்புத்தளத் தசைகளையும் அவற்றைச் சூழ்ந்த திசுக்களையும் இலக்காகக் கொண்ட கைமுறைச் சிகிச்சையும் அளித்தனர். நல்ல முன்னேற்றம் கண்டதாகக் கூறியோர் முதற்பிரிவில் 21 சதவீதம். இரண்டாம் பிரிவில் 57 சதவீதம். சிறுநீர்ப்பை வலியுடைய 81 பெண்களைக் கொண்டு 2012 இல் வெளியான மற்றோர் ஆய்வில் இவ்விகிதங்கள் முறையே 26, 59 ஆக இருந்தன. வலியின் அளவை எண்ணால் குறித்தபோது பிந்திய ஆய்வின் இரு பிரிவினரிடையே தெளிவான வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். இது நம்பிக்கை தரும் சிகிச்சை. எல்லோருக்கும் எப்போதும் பலிக்கும் மந்திரம் அன்று.

இவ்வாய்வுகளில் என் கருத்தைக் கவர்ந்தது மற்றொன்று. இரு பிரிவினருக்கும் மனிதக் கையின் தொடுகை கிடைத்தது. பரிவும் நேரமும் கிடைத்தன. எவ்விடத்தில், எத்தசையில், எவ்வளவு அழுத்தத்தோடு கையை வைப்பது என்னும் அறிவிலேயே இரண்டும் வேறுபட்டன. நமது நாட்டில் தொடும் கைகளுக்குப் பஞ்சமில்லை. பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் எண்ணெய் தடவி வழித்துத் துணி கட்டுவோர் உண்டு. சுளுக்கு வழிப்போர் உண்டு. வடநாட்டில் அடிவயிற்று வலிக்கு ‘நாபி நழுவிவிட்டது’ என்று கூறி அதனை இழுத்து நிறுத்துவோர் உண்டு. இக்கைகளுக்குப் பின்னால் உடற்கூறு பற்றிய அறிவைச் சேர்ப்பதற்குத்தான் நாம் இன்னும் போதிய ஏற்பாடு செய்யவில்லை.

நமது நாட்டில் பயிற்சியின் நிலை

இந்தியாவில் இயன்முறை மருத்துவக் கல்வி பிறந்த வரலாறே இக்குறையை ஒருவாறு விளக்குகிறது. 1952 இல் பம்பாயில் இளம்பிள்ளை வாதம் பரவியதைத் தொடர்ந்து, 1953 இல் இந்திய அரசு, பம்பாய் மாநகராட்சி, உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியால் கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையில் முதற் பள்ளி நிறுவப்பட்டது. சூம்பிய காலுக்கும் கைக்கும் வலுவூட்டுவது அன்றைய அவசரத் தேவை. அத்தேவையைச் சுற்றியே பாடங்கள் வளர்ந்தன. பின்னர் எலும்பு முறிவும் பக்கவாதமும் முதுகு வலியும் இடம் பெற்றன. இடுப்புத்தளம் பிரசவத்துக்குப் பிற்பட்ட பயிற்சிகள் என்ற அளவிலேயே பெரும்பாலும் நின்றது. பிரிட்டனில் மகப்பேற்றுத் துறை இயன்முறை மருத்துவர்கள் 1948 ஆம் ஆண்டிலேயே தனிச் சங்கம் கண்டனர். அமெரிக்காவில் 1977 இல் இதற்கெனத் தனிப் பிரிவு தோன்றியது. இங்கோ இத்துறையில் ஆர்வமுள்ளோர் தம் சொந்தச் செலவில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறும் குறுகிய கால வகுப்புகளில் சேர்ந்து பயில வேண்டியவராயுள்ளனர்.

2021 ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இயற்றிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில் வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இயன்முறை மருத்துவத்தையும் தன்னுள் அடக்கியது. கல்வியின் தரத்தை நாடு முழுமைக்கும் ஒரே சீராக வகுக்க அதனால் வழி பிறந்துள்ளது. இடுப்புக்குழி வலியை விருப்பப் பாடமாக ஒதுக்கிவிடாது, எல்லா மாணவரும் பயில வேண்டிய பாடமாக ஆக்குவதற்கு இதுவே ஏற்ற காலம் என்பது என் துணிபு. அப்பாடத்தில் சொல், கை, எல்லை என்னும் மூன்றும் சமமாக இடம் பெறுதல் வேண்டும்.

சொல்

முதலாவது சொல். மொழிபெயர்ப்பாளன் சொல்லுக்கு முதலிடம் தருவது தன் தொழிலுக்காகப் பரிந்து பேசுவதாகத் தோன்றலாம். ஆயினும் காரணம் அதுவன்று. தமிழில் ‘இடுப்பு வலி’ என்றால் ஒருவர் முதுகின் கீழ்ப்பகுதி வலியை நினைப்பார். மற்றொருவர் பிரசவ வலியை நினைப்பார். இடுப்புக்குழியின் வலியை எவரும் நினையார். இந்தியில் ‘கமர் தர்த்’ என்பதும் முதுகையே காட்டும். தனக்கெனப் பெயரில்லாத வலியை உடையவள் ‘கீழே ஒரு மாதிரி இருக்கிறது’ என்கிறாள். கேட்பவர் வெள்ளைப்படுதல் என எழுதிக்கொண்டு மாத்திரை தந்து அனுப்பிவிடுகிறார்.

நம் மக்களின் பேச்சில் வலிக்குச் சொற்கள் இல்லாமலில்லை. எரிச்சல், கடுப்பு, குத்தல், பிடிப்பு, இழுப்பு, இசிவு, கனம் என ஒவ்வொன்றும் ஒவ்வோர் அனுபவம். எரிச்சல் என்பவரிடத்துச் சவ்வையும் நரம்பையும், பிடிப்பு என்பவரிடத்துத் தசையையும், கனம் என்பவரிடத்து உறுப்பு இறங்கியிருத்தலையும் முதலில் எண்ணிப் பார்க்கலாம். ‘கூசுகிறது’ என்னும் சொல் இருபொருள் உடையது: நோயாளி நாணுகிறாள் என்றும் கொள்ளலாம், நரம்பு மிகையாக உணர்கிறது என்றும் கொள்ளலாம். பயிற்சி பெறாதவர் முதற் பொருளைக் கொண்டு, ‘வெட்கப்படாதே அம்மா’ என்று கூறித் தொடர்வார். பயிற்சி பெற்றவர் கையை எடுத்துவிட்டு, எது கூசுகிறது என்று கேட்பார்.

இன்ன கேள்விகளை இன்ன சொற்களால் கேட்பது என்பதை மாணவர் தம் மாநில மொழியில் பழகுதல் வேண்டும். உட்கார்ந்தால் வலி மிகுகிறதா, எழுந்து நின்றால் குறைகிறதா? சிறுநீர் கழிக்கத் தொடங்கும்போது எரிகிறதா, முடிந்த பின்பா? மலம் கழித்தபின் வலி எவ்வளவு நேரம் நிற்கிறது? இல்லற உறவின்போது வலி தொடக்கத்திலா, உள்ளேயா, மறுநாளா? உட்கார்ந்தால் மிகுந்தும் நின்றால் குறைந்தும் வரும் வலி, மறைவிடத்துக்குச் செல்லும் முக்கிய நரம்பு நெருக்குண்டிருத்தலைச் சுட்டக்கூடும். அந்நரம்புக்கு மருத்துவ நூல்களில் வழங்கும் இலத்தீன் பெயருக்கு ‘நாணத்தக்கது’ என்பது பொருள். ஆகவே இவ்விடத்தில் நாணத்தை ஏற்றி வைத்தவர் நாம் மட்டுமே என எண்ணி வருந்த வேண்டுவதில்லை. 1961 இல் மத்திய அரசு நிறுவிய அறிவியல் தொழில்நுட்பச் சொல்லாக்க ஆணையமும் மாநிலங்களின் சொல்லாக்கக் குழுக்களும் உறுப்புகளுக்குப் பெயர் வகுப்பதில் நெடுந்தொலைவு சென்றுள்ளன. நோயாளியின் வாயில் பிறக்கும் சொற்களைத் தொகுத்து, மாணவர் கையில் கொடுக்கும் சிறு அகராதி ஒன்று ஒவ்வொரு மொழியிலும் வெளிவருதல் அடுத்த தேவையாகும்.

கை

இரண்டாவது கைத்தேர்ச்சி. இது நூலைப் படித்து வருவதன்று. படங்களைப் பார்த்தும் வருவதன்று. உருவமைப்புகளில் எலும்பையும் தசையையும் இனங்கண்டு பழகிய பின், ஆசிரியரின் மேற்பார்வையில் நோயாளியரிடம் பயில வேண்டும். வயிறு, இடுப்பு மூட்டு, தொடையின் உட்புறம், பிட்டம், வால் எலும்பின் சுற்றுப்புறம் என வெளியிலிருந்தே ஆராயத்தக்கவை பல. இவற்றைச் செம்மையாக ஆராய்ந்து முடித்த பின்னரே, தேவைப்படின், கையுறை அணிந்த ஒரே விரலால் உட்பரிசோதனை செய்தல் முறை. ஒவ்வொரு தசையையும் மெல்ல அழுத்தி, வலியைப் பூச்சியத்திலிருந்து 10 வரை எண்ணால் சொல்லச் செய்து, வலமும் இடமும் ஒப்பிட்டுக் குறித்தல் வேண்டும். ‘இதுதான் என் வலி’ என்று நோயாளி சொல்லும் இடமே சிகிச்சை தொடங்கும் இடம்.

மூச்சுப் பயிற்சி, உட்காரும் முறை, மலம் கழிக்கும்போது முக்காதிருக்கும் பழக்கம், வீட்டில் தாமே செய்துகொள்ளும் தளர்ச்சிப் பயிற்சிகள் ஆகியவற்றைக் கற்பிக்கும் திறமும் கைத்தேர்ச்சியில் அடங்கும். வாரம் ஒரு முறை மருத்துவர் கைபடும் தசை மற்ற ஆறு நாட்களும் நோயாளியின் பொறுப்பில்தான் இருக்கிறது.

இத்தேர்ச்சியை மூன்று நாள் முகாமில் தந்துவிடலாம் என்னும் கருத்து எனக்கு உடன்பாடன்று. முகாம் ஆர்வத்தை மூட்டும். அதன்பின் மேற்பார்வை இல்லையேல் அரைகுறைக் கையையே உருவாக்கும். பட்டம் பெறுமுன் ஒவ்வொரு மாணவரும் மேற்பார்வையில் கவனித்த நோயாளிகளின் குறிப்பேடு ஒன்றைக் காட்டுதல் வேண்டும் என்பது என் யோசனை.

எல்லை

மூன்றாவது எல்லை. எதைச் செய்யலாகாது, எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அறியாத கை ஆபத்தான கை. மாதவிடாய் நின்ற பின் காணும் உதிரப்போக்கு, காரணமின்றி உடல் மெலிதல், காய்ச்சல், சிறுநீரில் இரத்தம், அடிவயிற்றில் கட்டி, மாதவிடாய் தள்ளிப்போன நிலையில் திடீரெனத் தோன்றும் கடும் வலி, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் நோயாளியைத் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். நமது நாட்டில் கருப்பை, கருக்குழாய் ஆகியவற்றைப் பற்றும் காசநோயையும் மறத்தலாகாது. கருப்பை உட்படலம் பிற இடங்களில் வளரும் நோய் பல ஆண்டுகள் கண்டறியப்படாமலே போவதும் உண்டு. இயன்முறைச் சிகிச்சை மருத்துவப் பரிசோதனைக்குத் துணை நிற்பது; அதற்கு மாற்றாவதன்று.

இசைவும் ஓர் எல்லையே. என்ன செய்யப்போகிறோம் என்பதைப் படம் காட்டி விளக்கிய பின், நோயாளி ஒப்பினாலன்றித் தொடுதல் கூடாது. ஒருமுறை ஒப்பியவர் மறுமுறை மறுக்கலாம். நடுவில் நிறுத்தச் சொன்னால் அக்கணமே நிறுத்துதல் வேண்டும். கணவன் ஒப்பியதும் மாமியார் ஒப்பியதும் அவளது இசைவு ஆகா. நோயாளி விரும்பும் ஒரு துணையை அருகில் வைத்துக்கொள்ளுதல் இரு தரப்பினருக்கும் பாதுகாப்பு. கடந்த காலத்தில் வன்முறைக்கு உள்ளானவர்கள் இவ்வலியோடு வருவது அரிதன்று. அவர்களுக்கு, தம் உடலின்மேல் தமக்கே அதிகாரம் என்னும் உணர்வு திரும்புவது சிகிச்சையின் ஒரு பகுதியாகும்.

தடை கூறுவோர்

‘நம் பெண்கள் இதற்கு ஒப்பமாட்டார்கள்’ என்பது அடிக்கடி கேட்கப்படும் தடை. கட்சிரோலியில் 650 பெண்கள் பரிசோதனைக்கு வந்தனர். தம் மொழியில் பேசி, தம்மை மதித்து, காரணத்தை விளக்கும் ஒருவர் முன் நம் பெண்கள் பேசுகிறார்கள் என்பதை அது காட்டுகிறது. ஒப்பாதவருக்கும் வெளிப்புறச் சிகிச்சையும் மூச்சுப் பயிற்சியும் உண்டு. உட்பரிசோதனை இல்லையேல் சிகிச்சையே இல்லை என்பது பொருந்தாது.

‘உயிர் போக்கும் நோய்களுக்கே ஆளும் பணமும் போதாதபோது வலிக்கு ஏன் செலவிட வேண்டும்?’ என்பது மற்றொரு தடை. வலிக்கு நாம் ஏற்கெனவே செலவிட்டு வருகிறோம். தேவையற்ற அறுவை, பயனற்ற நுண்ணுயிர்க்கொல்லி, திரும்பத் திரும்ப எடுக்கும் படங்கள், இழந்த கூலி ஆகிய எல்லாம் செலவுகளே. அவற்றோடு ஒப்பிட்டால், ஓர் அறையும் ஒரு படுக்கையும் ஒரு திரையும் பயின்ற ஒருவரும் வேண்டும் இச்சிகிச்சை மலிவானது. தமிழ்நாட்டில் 2021 இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் இல்லங்களுக்கே செல்கின்றனர். நாடெங்கும் 2018 முதல் ஏற்பட்டுவரும் சுகாதார நல மையங்கள் இன்று ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் எனப் பெயர் பெற்று நிற்கின்றன. நோயாளி வரை செல்லும் பாதை ஓரளவு அமைந்திருக்கிறது. அப்பாதையில் செல்வோர்க்கு இவ்வறிவைத் தருவதே எஞ்சியுள்ளது.

களப் பணியாளரும் ஆசிரியரும்

இச்சிகிச்சை களப் பணியாளரின் வேலையன்று; பயிலாதவர் அதனை முயலுதல் தகாது. ஆயினும் நோயாளியின் முதற் சொல்லைக் கேட்பவர் பெரும்பாலும் ஆஷா பணியாளரும் கிராமச் சுகாதாரச் செவிலியருமே. பிரசவத்துக்குப் பின் வீட்டுக்குச் செல்லுகையில் தாய்ப்பாலையும் தடுப்பூசியையும் விசாரிப்பதோடு, ‘உட்கார, சிறுநீர் கழிக்க, படுக்க வலிக்கிறதா?’ என ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம். ‘எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான்’ என்னும் விடையைத் தம் வாயால் சொல்லாதிருப்பதே பெரிய உதவி. வலி 6 மாதமாகியும் தீரவில்லை எனில், மேற்கூறிய ஆபத்துக் குறிகளைக் கேட்டறிந்து உரிய இடத்துக்கு அனுப்பலாம்.

ஆசிரியர்களின் பங்கும் சிறிதன்று. பள்ளிக் கழிப்பிடம் தூய்மையாக இல்லாமையால் காலை முதல் மாலை வரை சிறுநீரை அடக்கிக்கொள்ளும் மாணவியர் பலர். அடக்கி அடக்கிப் பழகிய தசை தளர மறக்கிறது. தொற்று நோய்க்கும் இடமாகிறது. கழிப்பிடத்துக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கிறதா என்று தலைமை ஆசிரியர் பார்ப்பது இந்நோக்கில் மருத்துவச் செயலே ஆகும். மாதந்தோறும் வலியால் பள்ளிக்கு வராது நின்றுவிடும் மாணவியைச் சோம்பேறி என்று குறிக்காமல், தாயை அழைத்துப் பேசுவது மற்றொன்று. உடற்கூறு பாடம் நடத்துகையில் அப்பக்கங்களை ‘நீங்களே படித்துக்கொள்ளுங்கள்’ என்று தள்ளிவிடாது, உறுப்புகளின் பெயர்களைத் தெளிவாக உச்சரித்துக் கற்பிப்பது மூன்றாவது. இன்று வகுப்பில் அப்பெயரைக் கேட்ட மாணவி பிற்காலத்தில் மருத்துவர்முன் தன் வலிக்குப் பெயர் சொல்வாள். அம்மாணவரிடையே ஒருவர் நாளை இயன்முறை மருத்துவராகவும் வரக்கூடும்.

பம்பாயில் 1953 இல் ஒரு தலைமுறைக் குழந்தைகளின் கால்களுக்காகத் தொடங்கிய கல்வி இது. இளம்பிள்ளை வாதம் ஒழிந்த நாடாக இந்தியா 2014 இல் சான்று பெற்றது. அன்று ஒரு துன்பத்துக்கு ஆளும் கல்வியும் தேடிய நாம், இன்று பேசப்படாத இத்துன்பத்துக்கும் அவற்றைத் தேடித் தர இயலும். பாடத்திட்டம் வகுப்போர் இதற்கு உரிய இடமளிக்க வேண்டும். சொல்லாக்கத்தில் ஈடுபட்டுள்ள நாம் மக்களின் சொற்களைத் தொகுத்துத் தர வேண்டும். களப் பணியாளரும் ஆசிரியரும் தத்தம் வட்டாரத்தில் எத்தனை பேர் இவ்வலியோடு வாழ்கின்றனர், அவர்களை அனுப்புவதற்கு எவ்வளவு தொலைவில் பயின்றவர் உள்ளார் என்பதை மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அக்கணக்குகள் ஒன்றுசேரும்போது, இக்கல்வி எவ்வளவு அவசரமானது என்பது எவருக்கும் விளங்கும்.